ஊரில் ஏற்றிய பெட்டியை இங்கே இறக்கினேன்

2022 மார்ச் மாதம், இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் நின்று செல்போன் சிக்னலை அனுப்பி வாங்குகிற, சீனக் கம்பெனி ஹுவாவேயின் ரேடியோ பெட்டி ஒன்றின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையுறைக்குள் விரல் மரத்துப் போயிருந்தது. ஆனால் கைக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பவர் கேபிள் எங்கே செருகியிருக்கும், ஃபைபர் எந்த மூடிக்குள் போகும், பெட்டியை எந்தப் பக்கம் சாய்த்தால் பிடி கிடைக்கும், எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து டவரில், இதே மாதிரிப் பெட்டியை வடம் கட்டிக் கப்பியில் இழுத்து ஏற்றியவர்களில் நானும் ஒருவன். ஊரில் ஏற்றியதை இங்கே இறக்கத்தான் வந்திருக்கிறேன் என்பது அந்த மாடியில்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

எங்கள் வீடு தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து 2009இல் டவர் வேலைக்குப் போனேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சின்ன மாவட்டம்தான், ஆனால் பத்து கிலோமீட்டருக்கு ஒரு தலைவலி. பேச்சிப்பாறைப் பக்கம் போனால் மலை மறைக்கும், ரப்பர் இலை சிக்னலைக் குடிக்கும். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று ஆளைத் தூக்கும். மேற்கே களியக்காவிளை. அந்தப் பக்கம் கேரளா, வேறு டெலிபோன் வட்டம். அந்தக் காலத்தில் மார்த்தாண்டத்தில் ஏறின பஸ் எல்லையைத் தொடும் முன்னமே போன் கேரளா சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், வருகிற அழைப்புக்கும் காசு போகும். எல்லையோர டவர்களில் நம் சிக்னல் அந்தப் பக்கம் வழியாமல் இருக்க ஆன்டெனாவின் சாய்வை ஒவ்வொரு டிகிரியாகத் திருத்துவோம். கேரளாக்காரர்களும் அவர்கள் பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

டவரின் மேலே யாருடைய பெட்டி இருக்கிறது என்பது போன் பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு ஏர்டெல் தெரியும், பி.எஸ்.என்.எல். தெரியும். அந்த நிறுவனங்களுக்குப் பெட்டி விற்க எரிக்சன், நோக்கியா, ஹுவாவே, இசட்.டி.இ., சாம்சங் என்று பெரிய கம்பெனிகள் மோதிக்கொள்வது அவருக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்கோ அதுதான் சோறு. 2004இல் ஏர்டெல் தன் நெட்வொர்க்கைக் கட்டிப் பராமரிக்கும் வேலையையே எரிக்சனிடமும் நோக்கியாவிடமும் கொடுத்துவிட்டது. அதிலிருந்து பெட்டி விற்கிற கம்பெனியே ஆள் வைத்து வேலையும் செய்து தர வேண்டும் என்கிற வழக்கம் பரவியது. அந்தக் கம்பெனி ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும். அவர் மதுரையில் ஒருவருக்குக் கொடுப்பார். மதுரைக்காரர் நாகர்கோவிலில் ஒருவருக்குக் கொடுப்பார். கடைசியில் நான், டவரில் ஏறிப் பெட்டியைக் கட்டுகிற இரண்டு ரிகர் பையன்கள், ஒரு வாடகை வண்டி.

ஒரு டெண்டரை வெல்ல மேலே ஒருவர் விலையைக் குறைத்தால் அந்தக் குறைப்பு படிப்படியாக இறங்கி எங்களிடம் வந்து நிற்கும். நான் கண்ணால் பார்த்தது இது. ஒரு வருடம் ஒரு சைட்டுக்கு ரிகருக்கு 1,200 ரூபாய் கிடைத்தது. அடுத்த வருடம் கம்பெனி மாறியது, பழைய பெட்டியை இறக்கிப் புதியதை ஏற்றும் ஸ்வாப் வேலை வந்தது. வேலை இரட்டிப்பு, கூலி 900. கேட்டால், 'ரேட்டு மேலேயே அப்படித்தான் எடுத்திருக்காங்க' என்பார் நாகர்கோவில்காரர். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதை எழுதாமல் இந்தக் கதையை என்னால் தாண்ட முடியவில்லை. ரப்பரும் வாழையும் ரோட்டில் கிடந்தன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. டவர் நின்ற இடங்களில்கூட பேட்டரி தீர்ந்து, டீசல் தீர்ந்து ஒவ்வொன்றாக அணைந்தன. கேனில் டீசல் ஏற்றிக்கொண்டு தூத்தூர் பக்கம் போனபோது கோயில் முற்றத்தில் பெண்கள் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்குப் போன ஆட்களைப் பற்றி யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள். ஒரு அம்மை என் சட்டையில் இருந்த கம்பெனி அடையாளத்தைப் பார்த்து எழுந்து வந்து, 'மக்களே, இப்ப வருமா?' என்று கேட்டார். ஜெனரேட்டர் ஓடி சிக்னல் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் வேலிக்கு வெளியே நின்றார்.

அடுத்த மூன்று மாதத்தில் ஏர்செல் திவாலானது. 2018 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்திலும் ஏர்செல் நம்பரை மாற்றக் கடைகளில் கூட்டம் நின்றது. அதே வருடம் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. 2016இல் வந்த ஜியோவோ 4ஜி ரேடியோவுக்குச் சாம்சங் ஒன்றையே வைத்துக்கொண்டது. பெட்டி வாங்க ஆள் குறையக் குறைய விற்கிறவர்கள் இன்னும் கீழே இறங்கினார்கள். எனக்கு மூன்று மாதக் கூலி ஒரு இடத்தில் நின்றுபோனது, இன்றுவரை வரவில்லை. தம்பிமார் கல்ஃபுக்குப் போனார்கள். நான் கமிஷனிங், அதாவது ஏற்றின பெட்டியை ஓடவிட்டு நெட்வொர்க்கில் சேர்க்கிற வேலையைப் படித்துக்கொண்டு, சுற்றி வளைத்து, வேலை விசாவில் இங்கே வந்தேன்.

வரவழைத்ததும் அந்தப் போட்டிதான். 2020 ஜூலை 14 அன்று பிரிட்டன் அரசு, ஆண்டு முடிந்தபின் ஹுவாவேயின் 5ஜி சாதனம் புதிதாக வாங்கக் கூடாது, இருப்பதை 2027 முடிவதற்குள் அகற்ற வேண்டும் என்று அறிவித்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் டெலிகாம் என்கிற பி.டி. நிறுவனம் நோக்கியாவோடும் அக்டோபரில் எரிக்சனோடும் ஒப்பந்தம் போட்டது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 5ஜி பெட்டியை மட்டும் கழற்றிவிட முடியாது. முதலில் வந்த 5ஜி, 4ஜியின் தோளில் ஏறி ஓடுகிற 5ஜி. இரண்டும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், நடைமுறையில் ஒரே கம்பெனிப் பெட்டி என்றால்தான் ஒழுங்காகப் பேசும். அதனால் 4ஜியையும் சேர்த்து இறக்க வேண்டியதாயிற்று. கீழே இருக்கிற மூளைப் பெட்டிக்கும் மேலே இருக்கிற ரேடியோவுக்கும் நடுவில் ஓடுகிற ஃபைபரில் ஒவ்வொரு கம்பெனியும் தன் பாஷையைத்தான் வைத்திருக்கிறது. ஒன்றின் மூளையை இன்னொன்றின் ரேடியோவோடு கோர்க்க முடியாது. முதல் பெட்டியை ஏன் அவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று ஊரில் எனக்குப் புரிந்ததில்லை. இங்கே வந்துதான் புரிந்தது. முதல் பெட்டி உள்ளே போய்விட்டால் அடுத்த பத்து வருடம் விரிவாக்கமும் மென்பொருள் உரிமமும் அவர்களிடமே வாங்க வேண்டும்.

வந்த புதிதில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்டார், எனக்கு முதல் சம்பளமே வரவில்லை. ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து வரிசை வீடு ஒன்றில் சேர்ந்தேன், அம்மையின் வளையல் அதற்குத்தான் போனது. ஃபோல்ஸ்ஹில் சாலைக் கடையில் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைத்தது. பாக்கெட்டில் மலையாளத்தில் 'கப்ப' என்று எழுதியிருந்தது. கடைக்காரர் என்னை மலையாளி என்றே முடிவு செய்துவிட்டார். மீன் குழம்பும் மரச்சீனியும் சாப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று முதலில் தோன்றியது.

வேலையில் என்னை அசர வைத்தது காற்றுமானி. காற்று ஒரு அளவைத் தாண்டினால் மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு எல்லோரையும் இறங்கச் சொல்லிவிடுவார். அன்றைய கூலி குறையாது. ஆரல்வாய்மொழியில் காற்றோடு மல்லுக்கட்டி ஏறின எனக்கு முதல் தடவை அது நம்ப முடியாததாக இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடித்தபடியே, ஊரில் கூட ஏறின பையன்களை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தனி ஆள். பேர் சொல்லிக் கூப்பிடு என்பார், எனக்கு வாய் வராது, 'அங்கிள்' என்றே பழகிவிட்டது. எந்தக் குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். என் வண்டியில் கிடந்த ரேடியோ பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசாரித்தார். அப்போதுதான் தெரிந்தது, அவர் மார்கோனி என்கிற பிரிட்டன் டெலிபோன் சாதனக் கம்பெனியில் எக்ஸ்சேஞ்ச் நிறுவும் பிரிவில் இருந்தவர். கவன்ட்ரியில் அந்தக் கம்பெனிக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. பிரிட்டன் முழுக்க நின்ற சிஸ்டம் எக்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தயாரித்த ஊர்களில் இது ஒன்று.

2005 ஏப்ரலில் பி.டி. தன் நெட்வொர்க்கை முழுதாக மாற்றும் திட்டத்துக்கு எட்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டியலில் ஹுவாவே இருந்தது, மார்கோனி இல்லை. மார்கோனிக்கு மிகப் பெரிய வாடிக்கையாளரே பி.டி.தான். அதே வருடம் அக்டோபரில், மார்கோனியின் பெரும்பகுதியை 120 கோடி பவுண்டுக்கு எரிக்சன் வாங்குவதாக அறிவித்தது. 'விலையில் தோற்றோம், அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டேன்' என்றார் பெரியவர். பதினேழு வருடம் கழித்து, அன்று உள்ளே வந்த ஹுவாவேயின் பெட்டியை அவர் தெருவில் குடியிருக்கிற நான் இறக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தில் சந்தோஷம் ஏதும் இல்லை. 'அவர்கள் பெட்டி நல்ல பெட்டிதானே?' என்று கேட்டார். நல்ல பெட்டிதான் என்றேன். தலையாட்டினார்.

ஜெயித்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2023 பிப்ரவரியில் எரிக்சன் 8,500 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அக்டோபரில் நோக்கியா 14,000 பேர் வரை என்றது. டிசம்பரில் அமெரிக்காவின் ஏ.டி.&டி. போன் கம்பெனி ஐந்து வருடத்துக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர் வேலையை எரிக்சனுக்குக் கொடுத்தது, அங்கே நோக்கியாவுக்கு இடம் போனது. 5ஜிக்குக் கொட்டின பணம் திரும்பவில்லை என்று போன் கம்பெனிகள் கையை இழுத்துக்கொண்ட காலம் அது. எங்கள் கான்ட்ராக்டர் கையிலிருந்த வேலையும் அடுத்த வசந்தத்தில் வேறொருவருக்குப் போனது. விசாவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர் கம்பெனி போனால் பொதுவாக 60 நாள்தான், அதற்குள் இன்னொருவர் கிடைக்க வேண்டும். 41ஆவது நாள் கிடைத்தது. அந்த நாற்பத்தொரு நாளும் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அம்மை வீடியோவில் என் முகத்தைப் பார்த்து, 'சாப்பிட்டியா மக்களே' என்று மட்டும் இரண்டு தடவை கேட்பாள்.

இதை இப்போது ஊரில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மாத விடுப்பு. திருவனந்தபுரத்தில் இறங்கி களியக்காவிளை தாண்டினேன், போனில் ஒரு மாற்றமும் இல்லை, ரோமிங் காசு என்கிற பேச்சே இப்போது கிடையாது. எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள பாறைப் பக்கம் பி.எஸ்.என்.எல். டவரில் புதுப் பெட்டி. டி.சி.எஸ்., தேஜஸ் கம்பெனிகளும் அரசின் சி-டாட் ஆய்வு மையமும் சேர்ந்து செய்த, நம் நாட்டிலேயே உருவான 4ஜி. 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கி வைத்தார்கள். ஐந்து பேர் மோதுகிற இடத்தில் ஆறாவதாக நம்முடையது ஒன்று நிற்கிறது. அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கே எந்தக் கேபிள் என்று என் கைக்குத் தெரியாத பெட்டி. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஏற்றின பையன்களுக்கு ஒரு சைட்டுக்கு என்ன கிடைத்தது என்றும் விசாரித்தேன். கேட்ட பதிலில் மனசு கனத்தது.

மாமா பி.எஸ்.என்.எல்.லில் லைன்மேனாக இருந்து 2020 ஜனவரி வி.ஆர்.எஸ்.ஸில், அதாவது விருப்ப ஓய்வில், வெளியே வந்தவர். 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் இறங்கிய அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் அலமாரியில் ஒரு குரோன் டூல் உண்டு, எக்ஸ்சேஞ்சில் ஒயரை ஸ்லாட்டில் அழுத்தி மிச்சத்தை வெட்டிவிடுகிற கருவி. கவன்ட்ரி பெரியவர் வீட்டிலும் அதே கருவியைப் பார்த்திருந்தேன், மாமாவிடமும் ஒன்று உண்டு என்று அவரிடம் சொன்னேன். ஊருக்குக் கிளம்பும் முன்னாடி அவர் அதைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, உன் மாமாவிடம் கொடு என்றார்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியைப் பிரித்தார். பக்கவாட்டில் மடங்கியிருந்த கொக்கியை நகத்தால் வெளியே எடுத்தார், உள்ளே தள்ளினார். தன்னுடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளித்திண்ணையில் செத்துக் கிடக்கிற பழைய டெலிபோன் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு ஒயரை வைத்து அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது.

'நம்ம டூல்தான் மக்கா. இதுக்கு வெட்டு இன்னும் நல்லா இருக்கு.' கொஞ்ச நேரம் கழித்து, 'அவருக்கு எரிப்பு ஆகுமா?' என்று கேட்டார். ஆகாது என்றேன். அப்படியானால் மிளகாய் போடாமல் என்று மாமியிடம் சொல்லி, இரண்டு கிலோ ஏத்தங்காய் வத்தல் போடச் சொல்லியிருக்கிறார்.