முதலில் மேல், பிறகு கீழ்

"இடையில காந்தத்தை எத்தனை தடவை திருப்பினீங்க, மேடம்?"

ஒரே ஒரு தடவை. அளந்தது, சுருள் மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை அவற்றின் ஸ்பின் (தற்சுழற்சி) திசையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ கடத்தும் விளைவு. வடமுனை மேலே இருக்க 50 மின்னழுத்த-மின்னோட்ட வளைகோடுகள், கீழே இருக்க 50. காந்தம் ஸ்பின் திசையை நிர்ணயிக்கும் நிக்கல், அதன்மேல் மெல்லிய தங்கப்பூச்சு, தங்கத்தில் தயோல் (கந்தக) முனையால் ஒட்டிய எல்-பாலிஅலனைன் சுருள்கள், அவற்றைத் தொடும் அணுவிசை நுண்ணோக்கி (ஏஎஃப்எம்) ஊசி. 2 வோல்ட்டில் மேலுக்கு 70 நானோஆம்பியர், கீழுக்கு 30. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 40 சதவீத ஸ்பின் முனைவாக்கம்.

காந்தத்தைத் திருப்ப ஊசியைத் தூக்கி, மாதிரியை எடுத்து, மறுபடி இறக்க வேண்டும். பழைய இடம் கிடைக்காது. அதனால்தான் மொத்தமாக எடுத்தது. ஆனால் ஊசியின் பிளாட்டினப்பூச்சு தொடத்தொடத் தேய்கிறது, மூலக்கூறுகளும் அப்பிக்கொள்கின்றன. நூறாவது தொடுகையில் மின்னோட்டம் குறைய ஸ்பின் எதற்கு? 'கீழ்' எப்போதுமே இரண்டாவது.

கெட்ட வளைகோடுகளை ஒதுக்கிக் கழித்ததிலும் இதே சிக்கல். தட்டையானவை தொடுகை இல்லாதவை, செங்குத்தாக ஏறியவை ஷார்ட் ஆனவை. சந்தேகத்துக்குரிய ஏழெட்டைக் கழித்தபோது, காந்தம் எந்தப் பக்கம் என்பது கோப்பின் பெயரிலேயே இருந்தது.

எல்-இன் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவத்தையும் அதே வரிசையில் அளந்தாயிற்று. பிம்பத்தில் ஸ்பின் விளைவின் குறி மாற வேண்டும். வெறும் தேய்மானம் என்றால் குறி மாறாது. மாறியது, ஆனால் 14 சதவீதம்தான். தேய்மானம் இரண்டிலும் சமம் என்று வைத்தால், தோராயமாக ஸ்பின்னுக்கு 27, தேய்மானத்துக்கு 13. ஆனால் அது வேறு ஊசி. சமம் என்று எதை வைத்துச் சொல்வது?

விளைவு பொய்யில்லை. 2011-இல் தங்கத்தின்மேல் இருந்த இரட்டை இழை டிஎன்ஏ வழியே வந்த ஒளியெலக்ட்ரான்களில் (ஒளி பட்டு வெளியேறியவை) 60 சதவீத முனைவாக்கம் தெரிந்தது. அங்கே நிக்கலும் இல்லை, ஊசியும் இல்லை. 2023-இல் உலோகமே இல்லாத மூலக்கூறில் எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு (இஎஸ்ஆர்) முறையில் பார்த்தார்கள். இவற்றை நினைத்தால் 40-ம் சரிதான் என்று மனசு தாவிவிடுகிறது. தாவக்கூடாது. ஸ்பின்னை எலக்ட்ரானின் நகர்வோடு இணைக்கும் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு கார்பனில், அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலான 25 மில்லிஎலக்ட்ரான்வோல்ட்டைவிட மிகச் சிறியது. இவ்வளவு பெரிய விளைவுக்கு எல்லோரும் ஏற்ற கோட்பாடு இன்னும் இல்லை. எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாததால் எவ்வளவு வந்தாலும் சரியாகவே தெரிகிறது.

இப்போது பத்து வளைகோட்டுக்கு ஒருமுறை காந்தத்தைத் திருப்புகிறோம். கோப்புக்கு எண் மட்டும். கழித்து முடித்த பிறகே திசை தெரியும். ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போய்விடுகிறது, மேற்பரப்பின் இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறை முந்தைய முறையில் இல்லை.

அறிக்கையில் 40 என்றே போனது. அளந்த வரிசையைச் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டுமோ?