அச்சடிப்பதற்கு முன் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

2000 அமெரிக்க அதிபர் தேர்தல் என்றால் பலருக்கு நீதிமன்ற வழக்குதான் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு வாக்குச்சீட்டு. ஃப்ளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கொடுத்தது. விரித்து வைத்த புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் வேட்பாளர் பெயர்கள், குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையாக. இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து அவருடைய முக்கியப் போட்டியாளர் அல் கோர். இரண்டாவது பெயர்தானே என்று இரண்டாவது துளையைக் குத்தினால் ஓட்டு வலப்பக்கம் இருக்கும் சிறு கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுக்குப் போய்விடும், கோருக்கு மூன்றாவது துளை!

அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,400 ஓட்டுகள் விழுந்தன, ஒன்றுக்கு மேல் குத்தியதால் செல்லாமல் போனவை 19,000க்கும் மேல், ஆனால் மாநிலம் முழுவதும் புஷ் முந்தியது வெறும் 537 ஓட்டில். இதில் சதி எதுவும் இல்லை. வயதானவர்கள் சிரமப்படாமல் படிக்க எழுத்தைப் பெரிதாக்கினார்கள், பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், அவ்வளவுதான். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே வாக்காளர்களின் வீட்டுக்கும் போயிருந்தது. ஆனால் தாளைப் பார்ப்பது வேறு, அதில் ஓட்டுப் போட்டுப் பார்ப்பது வேறு.

சரி, அதோடு பாடம் படித்தார்களா? 2018ல் பக்கத்துக் கவுண்டியான ப்ரோவர்டில், மூன்று மொழியில் நீளமாக அச்சடித்த விதிமுறைகளுக்கு அடியில், இடது மூலையில் செனட் (நாடாளுமன்ற மேலவை) போட்டியை வைத்துவிட்டார்கள். ஆளுநர் போட்டிக்கு விழுந்ததைவிட செனட்டுக்கு ஏறத்தாழ 25,000 ஓட்டுகள் குறைவு, முடிவு தீர்மானமானதோ சுமார் 10,000 ஓட்டில். விதிமுறைக்குக் கீழே போட்டியை வைக்காதீர்கள் என்று அமெரிக்கத் தேர்தல் உதவி ஆணையத்தின் வழிகாட்டி 2007லேயே சொல்லியிருந்தது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

இத்தனைக்கும் அச்சடிப்பதற்கு முன் சீட்டைச் சிலரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கப் பெரிய செலவே கிடையாது. கற்பனைப் பெயர்கள் போட்ட ஒரு சீட்டு, நூலகத்திலோ பேருந்து நிலையத்திலோ ஒரு மேசை, அந்த வழியாகப் போகிறவர்களில் பத்துப் பேர், போதும். 'இவருக்குப் போடுங்கள், இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும் (இதுதான் கஷ்டம், உதவி செய்யக் கை துறுதுறுக்கும்). விரல் எங்கே தயங்குகிறது, எந்த வரியை இரண்டு தடவை படிக்கிறார், எதைப் பார்க்காமலே தாண்டுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால், ஐந்தாவது ஆளுக்குள்ளேயே பெரிய கோளாறுகள் தெரிந்துவிடும். சென்டர் ஃபார் சிவிக் டிசைன் என்ற அமைப்பு இதையெல்லாம் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கையேடுகளாகவே போட்டிருக்கிறது, உள்ளூர்த் தேர்தல் அலுவலகத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் அதை வைத்தே தொடங்கிவிடலாம்.

அப்புறம் தபால் ஓட்டு உறை. கையெழுத்துப் போட மறந்ததால் தள்ளுபடியாகும் ஓட்டுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. வரிசையில் நிற்க முடியாத ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்துப் போட்ட ஓட்டு அது. கையெழுத்துக்கான கட்டம் கண்ணில் படும் இடத்தில், நிறத்தோடு, பெரிய எழுத்தில் இருக்கிறதா என்பதை உறை அச்சுக்குப் போவதற்கு முன்பே யாராவது ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்துவிடலாமே.