‘டேர்த்’ என்றால் அருமை

1978 ஆம் ஆண்டு, இலங்கை மலையகத்தின் அட்டன் மலை மூடுபனி வகுப்பறைக்குள்ளும் புகுந்து நின்ற ஒரு காலையில், எங்கள் ஆங்கில ஆசிரியர் சொல்வதெழுதத் தந்த வாக்கியங்களுள் ஒன்றில், பற்றாக்குறையைக் குறிக்கும் ‘டேர்த்’ (dearth) என்ற சொல் வந்தது. எங்களில் பாதிப் பேர் அதை ‘டெத்’ (death) என்று எழுதிவைத்ததால், தண்ணீர்ப் பற்றாக்குறை தண்ணீரின் மரணமாகிவிட்டது.

சேர் ஏசவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்த என்னைப் பார்த்து, “தம்பி, 74 இல் உங்கள் லயத்தில் அரிசி இருந்ததா?” என்று கேட்டார். “கூப்பன் அரிசி பத்தல சேர், கடையில வெல ஏறிப்போச்சு” என்றேன். மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு, தனக்குப் பசிக்கவில்லை என்று அம்மா சொன்ன இரவுகளை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. “பத்தல என்றாய், வெல ஏறிப்போச்சு என்றாய். இரண்டும் சேர்ந்ததுதான் டேர்த்” என்று கரும்பலகையில் எழுதினார். ‘வோர்ம்’ (warm) என்பதிலிருந்து ‘வோர்ம்த்’ (warmth) பிறந்ததுபோல, ‘டியர்’ (dear) என்பதிலிருந்து பிறந்தது ‘டேர்த்’. ‘டியர்’ என்றால் அன்புக்குரியது, விலை கூடியது. கிடைக்காத பொருளுக்கு விலை ஏறுவதால், அச்சொல் முற்காலத்தில் உணவுப் பஞ்சத்தையே குறித்தது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் யோசேப்பின் காலத்து ஏழு வருடப் பஞ்சமும் ‘டேர்த்’ தான். “தமிழில் அன்புக்கும் குறைவுக்கும் ஒரே சொல் உண்டு. அருமை மகன் என்கிறோம், எப்போதாவது வருபவரை அருமையாகத்தான் வருவார் என்றும் சொல்கிறோம்” என்றார். நான் கொப்பியில் ‘அறுமை’ என்று எழுதி, அதற்கும் சிவப்பு மையில் ஒரு வட்டம் வாங்கினேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், இலண்டனில் வேலை பார்த்த இடத்தில் தேநீருக்குப் பால் தீர்ந்தபோது, ‘டேர்த் ஒஃப் மில்க்’ என்று பெருமையோடு சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். பாலுக்கும் பெற்றோலுக்கும் ‘ஷோர்ட்டேஜ்’ (shortage) போதும். ‘டேர்த்’ இன்று பெரும்பாலும் சான்று, திறமை, புதிய எண்ணம் போன்றவற்றின் குறைவைச் சொல்லும் எழுத்து நடைச் சொல். ‘லாக்’ (lack) என்பது அடியோடு இல்லாததையும் குறிக்கும். ‘டேர்த்’ என்றால், இருக்கிறது, ஆனால் பத்தாது. பத்தாது என்பதே பற்றாது என்பதன் பேச்சு வடிவம் என்பதால், நம் லயத்துப் பேச்சு பற்றாக்குறைக்கு மிக அண்மையில்தான் நிற்கிறது.

சென்ற மாசியில் அக்கா தொலைபேசியில், “இந்த மாசம் கொழுந்து அருமையாத்தான் கெடக்கு” என்றார். இங்கே பிறந்த என் மகள் அதைக் கேட்டு, இலை நன்றாக இருக்கிறது போலும் என்று மகிழ்ந்தாள். அக்கா சொன்னது மழையின்றிக் கொழுந்து குறைந்துபோனதை. ஆனால் அட்டனும் சேர்ந்த திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலை மிகுந்த மணமும் சுவையும் பெறுவது தை முதல் பங்குனி வரையான அந்த வறண்ட குளிர்காற்றுக் காலத்தில்தான் என்பதால், மகளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.