கசக்கிற கச்சானைத் துப்பிவிடுங்கள்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு சரை கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் பஸ் ஏறுகிறவர்கள் குறைவு. அதில் நாலைந்து கொட்டை சுருங்கி, கறுத்து, வாயில் வைத்ததும் கசக்கும். வறுத்ததுதானே என்று விழுங்கிவிடுகிறோம். வேண்டாம். வறுத்தால் பூஞ்சணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு கொஞ்சம் குறையுமே தவிர முழுதாகப் போகாது.

அந்த நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடொக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழ, ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிடித்தது பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கை, அதற்குள் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணத்தை. இந்த நஞ்சு ஈரலைத்தான் தாக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஹெப்படைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கச்சானில் கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் விடுவதில்லை.

கசக்காத கொட்டையெல்லாம் சுத்தம் என்றும் இல்லை. அதனால் வேலை தோட்டத்திலேயே தொடங்க வேண்டும்: பிடுங்கியதும் படங்கில் மெல்லிசாகப் பரவி, கையில் எடுத்துக் குலுக்கினால் கோதுக்குள் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடுங்கள். மழை இருட்டுகிறது என்று ஈரத்தோடு உரப்பையில் கட்டி மூலையில் போடுவதுதான், என்னைக் கேட்டால், பெரிய பிழை. அப்புறம், கழித்த கொட்டையைக் கோழிக்குப் போடாதீர்கள், அன்று இங்கிலாந்தில் செத்ததும் பறவைகள்தான்.