பட்டர்நட்ல இருந்து கபோச்சா வரைக்கும்: இந்த சீசன் ஸ்குவாஷ் சமையல், இதுவரைக்கும்

நியூஜெர்சில செப்டம்பர் கடைசி வந்தா போதும், ஃபார்ம் மார்க்கெட் வாசல்ல பெரிய பெரிய அட்டைப்பெட்டில ஸ்குவாஷ், அதாவது பூசணி வகைக் காய் எல்லாம் வந்து இறங்கிடும். பச்சை, ஆரஞ்சு, வெளிர் மஞ்சள், வரி போட்டதுன்னு அத்தனை வகை. இத்தனை வருஷமா நான் பட்டர்நட் மட்டும் தூக்கிட்டு வந்து சாம்பார்ல போடுவேன், மத்ததை எல்லாம் பார்த்துட்டு நகர்ந்துடுவேன். இந்த சீசன்ல ஒவ்வொண்ணா வாங்கி, எது நம்ம சமையலுக்கு எப்படி ஒத்து வருதுன்னு ஒழுங்கா செஞ்சு பார்க்கணும்னு ஆரம்பிச்சேன், டிசம்பர் வந்தாச்சு, இன்னும் ஓடிட்டு இருக்கு.

எனக்கு இதுல முதல்ல பிடிபட்டது என்னன்னா, எல்லாத்தையும் "பூசணி"ன்னு ஒரே கணக்குல சமைக்கக் கூடாது. கடைல பார்க்கிறது பெரும்பாலும் மூணு இனம்தான். பட்டர்நட் வந்து மோஸ்கேட்டா, நம்ம ஊர் பரங்கிக்காயும் அதே இனம்தான், அதனாலதான் அது நம்ம சமையல்ல அவ்ளோ சுலபமா உக்காருது. கபோச்சா, ஹப்பர்ட் எல்லாம் மேக்ஸிமா. ஏகார்ன், டெலிகாட்டா, ஸ்பகெட்டி மூணும் பெப்போ, சுக்கினியும் அந்த இனம்தான், ஆனா அதை பிஞ்சுல பறிச்சிடறாங்க, இதை எல்லாம் கொடிலயே நல்லா முத்த விட்டு அறுக்கிறாங்க. இந்த மூணு இனத்துக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான், இங்க இருந்த பழங்குடி மக்கள் சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூணையும் ஒரே நிலத்துல சேர்த்து வளர்த்தாங்க. ஐரோப்பியர் அமெரிக்காவுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் கடல் தாண்டி நம்ம பக்கம் வந்து சேர்ந்துச்சு.

சமையலுக்கு இனத்தை விட முக்கியம், உள்ள தண்ணி எவ்ளோ மாவு எவ்ளோங்கிறதுதான். தண்ணி அதிகம் இருக்கறதை தண்ணில போட்டு வேகவெச்சா ருசி எல்லாம் வெளுத்துப் போகுது, அதுக்கு ஓவன்தான் சரி. மாவா இருக்கறதை தாராளமா தேங்காய்ப்பால்லயோ குழம்புலயோ விடலாம்.

பட்டர்நட் பத்திதான் நிறைய எழுதணும். நறுக்கறதுக்கு முதல்ல ரெண்டு முனையையும் தட்டையா வெட்டிட்டு, கழுத்து வேற அடிப்பக்கம் வேறன்னு குறுக்கால ரெண்டா பிரிச்சிடுங்க. கழுத்துல விதையே கிடையாது, கெட்டியா ஒரே சதை, அழகா துண்டு போடலாம், குழம்புக்கு அதுதான். குடம் மாதிரி இருக்கற அடிப்பக்கம் மசிக்கிறதுக்கும் கூட்டுக்கும். பச்சையா தோல் சீவும்போது ஒரு பால் வடியும், கைல காஞ்சா தோலை இறுக்கிப் பிடிச்ச மாதிரி ஆகும், சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. க்ளவுஸ் போட்டுக்கறது நல்லது, இல்லன்னா கைல எண்ணெய் தடவிக்கலாம்.

புளிக்குழம்புக்கு ரெண்டு விதமா வெச்சுப் பார்த்தேன். பச்சைத் துண்டை நேரா புளித்தண்ணில போட்டா வேகறதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது, ஏன்னா புளிப்பு இருந்தா காயோட செல் சுவர் சீக்கிரம் இளகாது. அதே துண்டை நல்லெண்ணெய்ல வெந்தயம், கடுகு, மிளகாய் வத்தல் தாளிச்சு, உப்பு போட்டு கொஞ்சமா தண்ணி தெளிச்சு முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம் புளியைக் கரைச்சு ஊத்தினா, அந்தப் பதத்துலயே நின்னுடுது, குழம்பு கொதிச்சு சுண்டினாலும் துண்டு கரையாம முழுசா இருக்கு. இறக்கும்போது துளி வெல்லம். மறுநாள் தயிர்சாதத்துக்கு இதை விட ஒண்ணும் வேணாம்.

பால் கூட்டுக்கு எங்க தஞ்சாவூர் பக்கத்துல பரங்கியை வேகவெச்சு, பால் விட்டு, வெல்லம் போட்டு, கொஞ்சம் அரிசிமாவு கரைச்சு விட்டு தாளிப்பாங்க. இங்க அதுக்கு நான் காயை வேகவெக்கறதே இல்ல. நீளவாக்குல ரெண்டா பொளந்து, விதை எடுத்துட்டு, வெட்டின பக்கம் கீழ இருக்கற மாதிரி ட்ரேல கவுத்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல (செல்சியஸ்ல 200 கிட்ட) முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் விடறேன். கத்தி வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்கினா ஆச்சு. தண்ணி வத்தி இனிப்பு அப்படியே செறிவா நிக்குது, ஓரம் லேசா கருகி ஒரு வாசனை வேற. வெல்லம் பாதி போட்டா போதும். அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், "ஏண்டி, பரங்கிக்காயைப் போய் சுடுவாளா?"ன்னு கேட்டாங்க, செய்முறையை முழுசா கேட்டுட்டு "வெல்லம் கம்மியா போறதுன்னா நல்லதுதான், அப்பாவுக்கும் ஆகும்"னு சொன்னாங்க.

அடுத்தது கபோச்சா. கரும்பச்சைத் தோல், தட்டை உருண்டை. வெட்டறதுதான் கஷ்டம், அவ்ளோ கெட்டி. கத்தியால அங்கங்க குத்தி ஓட்டை போட்டு மைக்ரோவேவ்ல மூணு நாலு நிமிஷம் வெச்சு எடுத்தா கத்தி ஓரளவு இறங்குது (ஓட்டை போடாம வெக்காதீங்க, உள்ள ஆவி கட்டிக்கும்). தோலோட சாப்பிடலாம், சீவ வேண்டியதே இல்ல. சதை நல்லா மாவா, காஞ்சாப்ல இருக்கு. அறுவடை பண்ணின உடனே சாப்பிட்டா மாவு மட்டும்தான் தெரியும், சில வாரம் வெச்சிருந்தா அந்த மாவுல ஒரு பங்கு சர்க்கரையா மாறி இனிப்பு ஏறும், அதனால அக்டோபர்ல வாங்கினதை நவம்பர் பாதிக்கு மேலதான் எடுத்தேன்.

கபோச்சால எரிசேரி வெச்சேன் பாருங்க, இந்த சீசன்ல செஞ்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். சிவப்பு தட்டைப்பயறு ஊறவெச்சு குழைய வேகவெச்சு, காயை மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு தனியா வேகவெச்சு லேசா மசிச்சு, தேங்காய் சீரகம் அரைச்சு சேர்த்து, கடைசில தேங்காயெண்ணெய்ல கடுகு, கறிவேப்பிலை, ஒரு கை துருவின தேங்காயை நல்லா சிவக்க வறுத்து மேல கொட்டணும், அந்த வறுத்த தேங்காய்லதான் உயிரே இருக்கு. பட்டர்நட்ல செஞ்சா இது கொஞ்சம் இளகி ஓடுது, கபோச்சால பயறோட சேர்ந்து கெட்டியா நிக்குது. சாதத்துல பிசையறதுக்கு முன்னாடியே பாதி காலி.

ஜப்பான்ல கபோச்சாவை சோயா சாஸ், சர்க்கரை போட்டு வேகவெச்சு சாப்பிடுவாங்க, குளிர்காலத்துல இரவு ரொம்ப நீளமா இருக்கற அந்த டிசம்பர் நாள்ல அதை சாப்பிடறது அங்க வழக்கம். தோல் கீழ இருக்கற மாதிரி ஒரே அடுக்கா பரப்பி, தண்ணி முக்கால் மூழ்கற அளவு விட்டு, கிளறாம விடணும். அவங்க சேர்க்கற மீன் தண்ணி எங்க வீட்டுல ஆகாது, ஷிடாக்கே காளான் ஊறவெச்ச தண்ணி விட்டேன், நல்லா வந்துச்சு. குழந்தைங்க இதை ஸ்நாக்ஸ் மாதிரி எடுத்துச் சாப்பிட்டாங்க.

டெலிகாட்டா வேலையே இல்லாத காய். தோல் மெல்லிசு, அரைவட்டமா நறுக்கி, எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு பிசிறி 425 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருபது இருபத்தஞ்சு நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பி விட்டா வறுவல் ரெடி. ரசசாதத்துக்கு தொட்டுக்க அருமை. ஏகார்ன் எனக்கு அவ்ளோ இஷ்டம் இல்ல, நார் ஜாஸ்தி, ருசி கம்மி, இங்க பட்டரும் மேப்பிள் சிரப்பும் விட்டு பேக் பண்றாங்க, நான் பாதியா வெட்டி சுட்டு அதுக்குள்ள மிளகு தூக்கலா போட்ட வெண்பொங்கல் வெச்சுக் கொடுத்தேன், பார்க்க அழகு, அவ்ளோதான்.

ஸ்பகெட்டி ஸ்குவாஷ்ல ஒரு சூட்சுமம் இருக்கு. உள்ள இழை காயைச் சுத்தி வட்டமா ஓடும், நீளவாக்குல வெட்டினா இழை எல்லாம் பாதில அறுந்துடும். குறுக்கால வளையம் வளையமா வெட்டி பேக் பண்ணி முள்கரண்டியால பிரிச்சா நீள நீளமா வரும். அதை ஒரு துணில போட்டு லேசா பிழிஞ்சு, கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், நிலக்கடலை தாளிச்சு எலுமிச்சம்பழம் விட்டா எலுமிச்சை சேவை. ருசி சேவை ஆகாது, நறுக்குன்னு காய்தான் தெரியும், ஆனா ராத்திரி லேசா சாப்பிடணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் தாராளமா சொல்லுவேன்.

வார நாள்ல நேரம் இல்லன்னா டின் பம்ப்கினும் எடுக்கிறேன். லிபிஸ்ங்கிற பிராண்ட் டின்ல இருக்கறது டிக்கின்ஸன்னு ஒரு வகை, அதுவும் மோஸ்கேட்டா இனம்தான், ஹாலோவீனுக்கு முகம் செதுக்கற அந்த ஆரஞ்சு பூசணி இல்ல. அடை மாவுல ரெண்டு கரண்டி கலந்தா நிறமும் மெதுமெதுப்பும் நல்லா வருது. வீட்டுல மசிச்ச ஸ்குவாஷை மட்டும் நீங்களே பாட்டில்ல அடைச்சு வெளிய வெக்காதீங்க, கெட்டியா இருக்கறதால சூடு நடு வரைக்கும் சமமா போகாது, போட்டுலிசம்ங்கிற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு வரலாம்னு அமெரிக்க வேளாண் துறையே வேணாம்னு சொல்லுது. ஃப்ரீஸர்தான் சரி.

இன்னொண்ணு, எந்த ஸ்குவாஷா இருந்தாலும் வெட்டினதும் ஒரு சின்னத் துண்டு நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு முழுசா தூக்கிப் போட்டுடுங்க. அது குக்கர்பிட்டசின்ங்கிற கசப்பு நச்சு, வேகவெச்சாலும் போகாது, வயித்தை ரொம்ப படுத்திடும். வீட்டுத் தோட்டத்துல தானா முளைச்ச கொடில காய்க்கிறதுல இது வர வாய்ப்பு அதிகம்.

முழுக்காயை ஃப்ரிட்ஜ்ல வெக்கறதில்ல, 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா சதை பாதிக்கப்பட்டு சீக்கிரம் அழுகிடும். எங்க பேஸ்மென்ட் 55 கிட்ட இருக்கும், காத்தோட்டமா ஒண்ணு மேல ஒண்ணு படாம அட்டைல வெச்சிருக்கேன். காம்பு உடைஞ்சதை முதல்ல எடுத்துடணும். ஏகார்ன் மாசக்கணக்கா தாங்காது, பட்டர்நட் ரெண்டு மூணு மாசம் நிக்கும், ஹப்பர்ட் அஞ்சாறு மாசம் கூட வரும்.

அந்த ஹப்பர்ட்தான் இன்னும் தொடவே இல்ல, ஒண்ணே ஒரு பெரிய குழந்தை கனம் இருக்கு. திருவாதிரை அன்னிக்கு களியோட ஏழுகறிக் கூட்டுக்கு பரங்கி இடத்துல அதைப் போடலாம்னு இருக்கேன், கூட அவரைக்காய், மொச்சை, சக்கரவள்ளி எல்லாம் இந்தியன் கடைல கிடைக்குது. கூட்டுக்குப் போக மிச்சம் நிறைய வரும், அதுல கொஞ்சம் துருவி நெய்ல அல்வா கிளறிப் பார்க்கணும், மேக்ஸிமா இனத்துல அல்வா செஞ்சவங்க யாராவது இருந்தா பால் விடணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க.