மொபைல் ரிக்கில் மேஜை மைக்: எட்டுக் கம்பிகளின் கணக்கு

யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-857டி போன்ற மொபைல் ரிக்கை, அதாவது வண்டியில் வைக்கும் சிறிய ரேடியோவை, வீட்டு மேஜையில் வைத்து ஓட்டும் ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) நம்மிடையே நிறையப் பேர். எடை இரண்டு கிலோதான். ஆனால் எச்எஃப்பில் (சிற்றலையில்) 100 வாட், 2 மீட்டர் அலைவரிசையில் 50 வாட், 70 சென்டிமீட்டரில் 20 வாட் கொடுக்கும். இப்போது உற்பத்தியை நிறுத்திவிட்டாலும் என்னைப் போன்றவர்கள் அதை விடுவதாக இல்லை. அதோடு வரும் கை மைக் மட்டும் வீட்டு உபயோகத்துக்கு ஒத்துவராது. காலை நேர 40 மீட்டர் நெட்டில் (ஒரே அலைவரிசையில் பலர் கூடிப் பேசுவது) அதை நடத்தும் கன்ட்ரோலராக உட்கார்ந்தால் ஒரு கை மைக்கிலேயே போய்விடுகிறது. இன்னொரு கையால் எழுதும்போது லாக் புத்தகம் நழுவுகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் செயலிழந்தபோது ஹாம்கள் செய்தி கடத்தினார்கள். அப்படி ஒரு வேளையில் பெயரையும் முகவரியையும் பிசகில்லாமல் எழுத வேண்டுமானால் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மேஜை மைக் வேண்டும் என்று நான் தீர்மானித்தது அதனால்தான்.

பழைய மைக்காக ஒரு எம்டி-100 கிடைத்தது. ரிக்கும் யேசு, மைக்கும் யேசு. மைக் டைனமிக் வகை (உள்ளே சுருள் அசைந்து சிக்னல் தருவது), 600 ஓம். ரிக்கோடு வந்த எம்எச்-31 கை மைக்கும் அதே வகை, அதே ஓம் என்பதால் மின்சார ரீதியில் பொருத்தம் பார்க்க வேலையே இல்லை. பிளக்கில்தான் வித்தியாசம். மேஜை மைக்கின் முனையில் திருகு வளையத்தோடு கூடிய எட்டு பின் உருண்டை பிளக் இருக்கும். மொபைல் ரிக்கில் இருப்பதோ நெட்வொர்க் கேபிள் மாட்டுகிற அதே ஆர்ஜே45 துளை. இரண்டுக்கும் நடுவே மாட்ட ரெடிமேட் அடாப்டர்கள் விலைக்குக் கிடைக்கின்றன. நான் ஒரு சின்ன அலுமினியப் பெட்டியில் நானே செய்துகொள்ள முடிவெடுத்தேன். காலால் அழுத்தும் சுவிட்சுக்கு ஒரு ஜாக், ஆர்எஃப் (ரேடியோ அலை) வடிகட்ட கெப்பாசிட்டர் என்று அதில் என் தேவைக்கு இடம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு பக்கத்துப் பின்களையும் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். ரிக்கின் ஆர்ஜே45 துளையில் 1 டவுன், 2 அப், 3 பிளஸ் 5 வோல்ட், 4 மைக் கிரவுண்ட், 5 மைக், 6 பிடிடி, 7 கிரவுண்ட், 8 ஃபாஸ்ட். (டவுன், அப், ஃபாஸ்ட் மூன்றும் அலைவரிசையை மாற்றும் பட்டன்களுக்கு, பிடிடி பேச்சு விசைக்கு.) மைக்கின் உருண்டை பிளக்கில் 1 அப், 2 பிளஸ் 5 வோல்ட், 3 டவுன், 4 ஃபாஸ்ட், 5 கிரவுண்ட், 6 பிடிடி, 7 மைக் கிரவுண்ட், 8 மைக். இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் இருப்பது பிடிடி மட்டும்தான், அது 6. மற்றவை எல்லாம் இடம் மாறியிருக்கின்றன. ஆகவே எண்ணுக்கு எண் இணைக்காமல் வேலைக்கு வேலை இணைக்க வேண்டும்.

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே மல்டிமீட்டரால் ஒருமுறை சரிபார்த்தேன். பேச்சு விசையை அழுத்தினால் 5க்கும் 6க்கும் இடையே பீப் கேட்க வேண்டும், கேட்டது. ஓம் அளவில் வைத்து 7, 8 இரண்டையும் தொட்டால், மீட்டர் முனை படும் அந்தக் கணத்தில் மைக்கின் தலையிலிருந்து மெல்லிய ஒரு ‘டிக்’ வரும். காதருகே வைத்தால் தெளிவாகக் கேட்கும். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம் உள்ளே இருக்கும் சுருளை அசைப்பதால் வரும் சத்தம் அது. பழைய மைக் உயிரோடுதான் இருக்கிறது என்று அந்த ‘டிக்’ சொல்லிவிட்டது.

சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். உருண்டை சாக்கெட்டைக் கடைகளில் ‘ஏவியேஷன் கனெக்டர், எட்டு பின்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தும் அளவு மாறும் ரகங்கள் உண்டு. மைக்கையே பையில் கொண்டுபோய், கவுண்டரில் மாட்டிப் பார்த்து, திருகு வளையம் கடைசி வரை சுற்றுகிறதா என்று சோதித்து வாங்கினேன். கேபிளுக்கு ஷீல்ட் உள்ள பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள நெட்வொர்க் கேபிள்) ஒன்று வாங்கினேன். சுவருக்குள் பதிக்கும் நெட்வொர்க் கேபிளில் ஒற்றைக் கம்பி இருக்கும். அடிக்கடி வளைத்தால் அது ஒடிந்துவிடும். பேட்ச் கார்டில் இருப்பது பல இழைக் கம்பி, மேஜை மேல் இழுபட்டாலும் தாங்கும்.

பேட்ச் கார்டைப் பாதியில் வெட்டி உறையை உரித்ததும் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. வழக்கமான டி568பி நிற வரிசையில் 4 நீலம், 5 வெள்ளை-நீலம். ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி அவை. ரிக்கில் 4ம் 5ம் மைக் கிரவுண்டும் மைக்கும் அல்லவா? வெளிச்சத்தம் நுழையாமல் காக்க வேண்டிய இரண்டு கம்பிகளும் தாமாகவே முறுக்கிய ஜோடியில் வந்து உட்காருகின்றன. டவுனும் அப்பும் ஆரஞ்சு ஜோடியில், கிரவுண்டும் ஃபாஸ்ட்டும் பழுப்பு ஜோடியில், பிளஸ் 5 வோல்ட்டும் பிடிடியும் பச்சை ஜோடியில். வெட்டிய கேபிளில் நிற வரிசை இதுதானா என்று பிளக்கின் கண்ணாடி முகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, இந்த வேலையில் மிகவும் நிதானம் தேவைப்படும் இடம். ஆர்ஜே45இல் 1 எந்தப் பக்கம்? கையேட்டில் வரும் படம் துளையை முன்னாலிருந்து பார்ப்பது. நம் கையில் இருப்பதோ பிளக். இடம் வலம் மாற்றி எண்ணிவிட்டால் 1 எட்டாகிவிடும், 3 ஆறாகிவிடும். அதாவது பிடிடி என்று நாம் இணைக்கும் கம்பி 5 வோல்ட் கம்பியாக இருக்கும். அப்போது பேச்சு விசையை அழுத்தினால் ரிக்கின் உள் வோல்டேஜ் போய்ச் சேரும் இடம் அப் பட்டனின் கம்பி. மைக்கும் மைக் கிரவுண்டும் மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும் என்பதால் பேச்சு ஓரளவு வந்துகூட நம்மை ஏமாற்றும்.

எண்ணிப் பார்த்து நம்புவதைவிட அளந்து பார்ப்பது மேல். ரிக்கை அணைத்து, பவர் சப்ளை ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்ச் கார்டின் பிளக்கை ரிக்கில் செருகினேன். மீட்டரின் ஒரு முனையை ஆன்டெனா சாக்கெட்டின் உலோக உடம்பில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு நிறமாகத் தொட்டேன். 7 என்று நாம் நினைக்கும் வெள்ளை-பழுப்பில் பீப் வந்தால் எண்ணிக்கை சரி. அது மௌனமாக இருந்து ஆரஞ்சில் பீப் வந்தால் வரிசை தலைகீழ். எனக்கு வெள்ளை-பழுப்பில் வந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. பழைய ரிக்குகளுக்கு உதிரி பாகம் கிடைக்காத இந்தக் காலத்தில் யாரும் இதைத் தவிர்க்கக் கூடாது.

பிளஸ் 5 வோல்ட் கம்பியை நான் இணைக்கவே இல்லை. டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம். அந்தக் கம்பி பெட்டிக்குள் எங்காவது உரசினால் ரிக்குக்குத்தான் கேடு. கட்டையாக வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு ஓரமாக மடித்துவிட்டேன்.

கிரவுண்ட் விஷயத்தில் பலர் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ‘எல்லாம் ரிக்குக்குள் ஒரே இடத்துக்குத்தானே போகிறது’ என்று மைக் கிரவுண்டையும் பிடிடி கிரவுண்டையும் பெட்டியிலேயே சேர்த்து சால்டர் வைத்துவிடுவார்கள். டைனமிக் மைக் தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். விசைகளின் மின்னோட்டமும் ஷீல்டில் ஏறும் இரைச்சலும் திரும்பிப் போகும் அதே கம்பியில் மைக்கின் சிக்னலும் திரும்பினால், அந்தக் கம்பியில் எழும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம்கூட பேச்சோடு சேர்ந்து ‘உம்ம்’ என்று ஒலிபரப்பாகும். ஆகவே மைக் கிரவுண்ட் நீலக் கம்பியில் தனியாக ரிக் வரை போகிறது. பெட்டியின் உலோகத்தை அது தொடாது. கேபிள் ஷீல்ட், பெட்டியின் உடம்பு, பிடிடி கிரவுண்ட் மூன்றும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. சால்டர் வைக்கும்போது கவனம், பேட்ச் கார்டின் உறை சூட்டுக்கு உடனே சுருங்கும். 25 வாட் அயர்னால் முனைகளில் முன்கூட்டியே ஈயம் பூசி வைத்துக்கொண்டு சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும்.

எல்லாம் முடித்து, அக்கம் பக்கத்துப் பின்கள் ஒட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்த பிறகு, 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) முதல் சோதனை. எஸ்எஸ்பி (ஹாம்கள் எச்எஃப்பில் பேசும் முறை) கேட்கும் கையடக்க ரேடியோ ஒன்றைப் பக்கத்து அறையில் வைத்து, செல்போனில் பதிவு செய்து கேட்டேன். பேச்சு வந்தது. கூடவே மின்விசிறியும் வந்தது! கை மைக்கை வாயருகே பிடித்துப் பேசுகிறோம். மேஜை மைக்கை ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு, குரல் போதவில்லை என்று மைக் கெய்னை ஏற்றினால் விசிறி, தெருவில் போகும் ஆட்டோ, அடுப்படி விசில் எல்லாம் சேர்ந்து ஏறும். ஸ்பீச் பிராசசரை (மெல்லிய ஒலியை உயர்த்தும் வசதி) போட்டால் இன்னும் மோசம், பேச்சு நிற்கும் இடைவெளியில் விசிறிச் சத்தம் மேலெழுந்து வரும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடை தூரம் வைத்து, நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் போதும். ரிக்கின் மீட்டரை ஏஎல்சிக்கு (குரல் அளவு மிஞ்சுகிறதா என்று காட்டுவது) மாற்றி, உரத்த அசைகளில் மட்டும் லேசாக அசையும் அளவுக்கு எஸ்எஸ்பி மைக் கெய்னைக் குறைத்தேன். பிராசசரை அணைத்துவிட்டேன். மைக்கின் அடியில் ஒட்டிய ஃபோம் துண்டு மேஜையில் பேனா வைக்கும் சத்தத்தையும் நிறுத்தியது.

40 மீட்டரில் நல்ல ரிப்போர்ட். 20 மீட்டருக்குப் போய் 100 வாட்டில் பேசியதும், குரல் கொப்பளிப்பதுபோல உடைகிறது என்றார் எதிர்முனை ஓஎம் (சக ஹாம்). பவரை 10 வாட்டுக்கு இறக்கினேன், தெளிந்தது. ஏற்றினேன், மறுபடியும் உடைந்தது. டம்மி லோடில் 100 வாட்டிலும் சுத்தமாக இருந்தது. ஆக, ஆன்டெனாவிலிருந்து வரும் ஆர்எஃப் மைக் கேபிளில் ஏறுகிறது. என்னுடையது எண்ட்-ஃபெட் கம்பி, அதாவது ஒரு முனையில் ஊட்டும் ஆன்டெனா. அதன் ஊட்டுமுனை ஜன்னலுக்கு அருகிலேயே இருக்கிறது. கோஆக்ஸின் (ஆன்டெனா கேபிளின்) வெளித்தோல் வழியாக ஆர்எஃப் அறைக்குள் வந்துவிடும். கை மைக்கில் வராத தொல்லை இதில் வரக் காரணம், நாம் புதிதாகச் சேர்த்த கேபிளும் மைக்கின் சொந்த ஒயரும் சேர்ந்து இன்னொரு ஆன்டெனாவாக நிற்பதுதான்.

பெட்டிக்குள் மைக்குக்கும் மைக் கிரவுண்டுக்கும் நடுவே ‘102’ என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தேன், அதாவது 0.001 மைக்ரோஃபாரட். பிடிடிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அதேபோல இன்னொன்று. கால்களை ஒட்ட வெட்டித்தான் வைக்க வேண்டும், நீளக் கால் விட்டால் பலனில்லை. ரிக் பக்கத்து முனையில் பேட்ச் கார்டை ஃபெரைட் வளையம் ஒன்றில் சில சுற்று சுற்றினேன். தொல்லை பாதி குறைந்தது. முழுவதும் தீர்ந்தது, ஜன்னல் அருகே கோஆக்ஸை எஃப்டி-240-43 டொராய்டில் (பெரிய ஃபெரைட் வளையம்) சுற்றி சோக் போட்ட பிறகுதான். மைக் பக்கம் செய்வதெல்லாம் தற்காப்பு. ஆர்எஃப்பை அறைக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் வைத்தியம். அதன் பிறகு 100 வாட்டில் வந்த ரிப்போர்ட்டைக் கேட்டபோது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இதைக் கேட்டு ஐகாம் நிறுவனத்தின் மொபைல் ரிக் வைத்திருக்கும் நண்பர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அங்கே கணக்கு வேறு. ஐகாம் மைக்குகள் எலக்ட்ரெட் வகை (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்வது) என்பதால் மைக் கம்பியிலேயே டிசி வோல்டேஜ் வரும். டைனமிக் மைக்கை அப்படியே இணைத்தால் அந்த டிசி சுருளில் பாயும். தொடரில் 1 மைக்ரோஃபாரட்டிலிருந்து 10 மைக்ரோஃபாரட்டுக்குள் ஒரு கெப்பாசிட்டர் வைத்து டிசியைத் தடுக்க வேண்டும். ஐகாமின் எலக்ட்ரெட் மேஜை மைக்கையே வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. ஐசி-706 ரிக்குக்கு அந்த நிறுவனமே ஓபிசி-589 என்ற மாற்றுக் கேபிளை விற்றது. கிடைத்தால் அதை வாங்கிக்கொள்வது சுலபம்.

கால் சுவிட்சுக்கான ஜாக்கைப் பிடிடிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே இணைத்தேன். அழுத்தினால் சேர்ந்து, விட்டால் பிரியும் சாதாரண சுவிட்ச் எதுவானாலும் போதும். தையல் மெஷின் மோட்டாரின் பெடல் மட்டும் வேண்டாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதனுள் ரெசிஸ்டன்ஸ் இருக்கும், பிடிடி ஒழுங்காகப் பிடிக்காது.

பெட்டியின் மூடியில் ‘யேசு 857 மட்டும்’ என்று பெயின்ட் மார்க்கரால் பெரிதாக எழுதி, உள்பக்கம் பின் வரிசையையும் ஒட்டியிருக்கிறேன். ஐகாம் ஆர்ஜே45 துளையிலும் இந்த பிளக் அழகாக நுழையும். அங்கே 4 பிடிடி, 5 மைக் கிரவுண்ட். நம் மைக்கின் சுருள் அந்த இரண்டுக்கும் குறுக்கே வந்து உட்கார்ந்துவிடும். மாட்டிய மாத்திரத்தில், யாரும் விசையைத் தொடாமலே, ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விட வாய்ப்பு இருக்கிறது.