ஜியோலைட்டை உலர்த்தி, நனைத்து, மறுபடி உலர்த்திப் பார்த்தேன்

ஜியோலைட் என்பது தண்ணீர் பட்டதும் சூடாகும் கல் என்று படித்ததிலிருந்தே இதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மீன் தொட்டி வடிகட்டியில் போடுகிற கிளினாப்டிலோலைட் மணிகள் கொஞ்சம் வாங்கினேன். எரிமலைச் சாம்பல் படிந்து, நிலத்தடி நீரோடு நீண்ட காலம் வினைபுரிந்து உருவான ஜியோலைட் அது. பார்க்க வெறும் சாம்பல் பச்சைச் சரளை.

முதலில் நன்றாகக் கழுவினேன். ஐந்து தண்ணீர் மாற்றியும் கலங்கல் தீரவில்லை. காற்றில் இரண்டு நாள் காயவிட்டு, 100 கிராம் எடை போட்டு, ஓவனில் 230 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். எடை 91 கிராம். தொட்டால் ஈரமே தெரியாத கல்லுக்குள் 9 கிராம் தண்ணீர் இருந்திருக்கிறது! ஒப்பிட்டுப் பார்க்க அதே ஓவனில் வைத்த ஆற்று மணலில் அரை கிராம்கூடக் குறையவில்லை.

அப்புறம்தான் தவறு செய்தேன். மணிகளைத் தட்டிலேயே ஆறவிட்டு, மறுநாள் காலை தண்ணீர் ஊற்றினேன். இரண்டே டிகிரிதான் ஏறியது. தட்டில் மிச்சம் வைத்திருந்த மணிகளை எடை போட்டுப் பார்த்ததும் காரணம் புரிந்தது: இரவு முழுக்கக் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்து, இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்திருந்தது.

அடுத்த முறை, சூடு கொஞ்சம் தணிந்ததும் மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் போட்டு ஆறவைத்தேன். மணிகள் மூழ்கும் அளவுக்கு 29 டிகிரி தண்ணீர் ஊற்றினேன். சரசரவென்று மெல்லிய சத்தம். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் நூல் நூலாக மேலே ஏறின. ஒரு நிமிடத்துக்குள் தெர்மாமீட்டர் 46 காட்டியது. புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய கூடு இது. உள்ளே சீரான அளவில் நுண்ணிய வழிகள். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்காரும்போது கூட்டுக்கு எதிர்மின்சுமை வந்துவிடும். அதை ஈடுகட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் அந்த வழிகளுக்குள் தங்குகின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும்போது வெளிவருவதுதான் அந்தச் சூடு. சூடாக்கினால் தண்ணீர் போய்விடும். கூடு இடியாமல் நிற்கும். அளவோடு சூடாக்கினால்தான்.

அந்த அயனிகளை மாற்றவும் முடியுமா என்று அடுத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் அம்மோனியம் குளோரைடு துளியளவு கரைத்தேன். அம்மோனியா இருந்தால் பச்சையும் இல்லாவிட்டால் மஞ்சளும் காட்டும் சோதனைத் திரவம் கரும்பச்சை காட்டியது. 50 கிராம் மணிகளை ஓர் இரவு போட்டுவைத்த பிறகு கிட்டத்தட்ட மஞ்சள். அதே மணிகளை எடுத்துக் கெட்டியான உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். மறுநாள் அந்த உப்புத் தண்ணீரில் பச்சை வந்தது. கிளினாப்டிலோலைட்டுக்குச் சோடியத்தைவிட அம்மோனியத்தின் மேல்தான் பிரியம் அதிகம். ஆனாலும் சோடியம் பெருங்கூட்டமாக வந்து நெருக்கும்போது அம்மோனியம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். கடல் நீர்த் தொட்டியில் இந்த மணிகள் அம்மோனியாவைப் பிடிக்காததற்கும் இதுவே காரணம்.

கடைசியாக ஸ்டில்பைட் என்ற இன்னொரு ஜியோலைட். பாசால்ட் எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழ்கள் விட்டுப்போன பொந்துகளில், பின்னால் ஊறிவந்த வெந்நீர் வளர்த்த படிகம் இது. நடுவில் கட்டிய கதிர்க்கட்டு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். பிளந்த முகத்தில் முத்தின் பளபளப்பு. உடைந்து கிடந்த நகக்கண் அளவுச் சில்லு ஒன்றைச் சோதனைக் குழாயில் போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, ஸ்பிரிட் விளக்கில் மெதுவாகக் காட்டினேன். குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் முதலில் மூட்டம், பிறகு துளிகள். சில்லு பளபளப்பு இழந்து வெளுத்து, ஏடு ஏடாகப் பிரிந்தது. 1756இல் சுவீடனின் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் இப்படி ஒரு கல்லைச் சூடாக்கி, அது நீராவி விட்டுப் பொங்கியதைப் பார்த்துத்தான் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஜியோலைட் எனப் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் அர்த்தம் இப்போது என் கண் முன்னால் குழாயில் வழிந்துகொண்டிருந்தது.

சூடு பார்த்த மணிகளை நேற்று ஐந்தாவது முறையாக உலர்த்தினேன். தராசில் மறுபடியும் 91.